பனி என்னும் ஒற்றைச் சொல்

2025 பிப்ரவரி 28ஆம் நாள் காலை, உத்தராகண்ட் மாநிலத்தின் மாணா கிராமத்தருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாமில் இரும்புக் கொள்கலன்களுக்குள் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் மீது பனி சரிந்தது. 46 பேர் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் இறந்தனர். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் தமிழில் அதற்கென்று சில சொற்கள் தயாராக இருக்கின்றன. இயற்கையின் சீற்றம். எதிர்பாராத விபத்து. வெள்ளை மரணம். இவற்றுள் நடுவில் நிற்கும் சொல் அப்பட்டமான பொய். முந்தின நாள் மாலையே, சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம், சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தது. மாணா சமோலி மாவட்டத்தில், 3000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. எதிர்பார்த்தார்கள், எதிர்பார்த்ததை எழுதி அனுப்பவும் செய்தார்கள். அந்த எழுத்தைப் படித்து, அதற்கேற்ப மனிதர்களை இடம் மாற்ற வேண்டிய இடத்தில்தான் ஏதோ அறுந்தது.

பனிச்சரிவு வாசிக்கத்தக்க ஒன்று. எல்லா நேரமும் சரியாக வாசித்துவிட முடியாது. ஆனால் வாசிப்பு என்ற ஒன்று உண்டு, அதற்கு இலக்கணம் உண்டு, அதைக் கற்றவர்கள் உண்டு. தமிழில் மலையைப் பற்றி எழுதுவோர் இந்த வாசிப்பை இருபது முப்பது ஆண்டுகளாகக் கண்டுகொள்ளவே இல்லை என்பதும், அப்படிக் கண்டுகொள்ளாதிருப்பதையே ஆன்மிகம் என்றும் கவித்துவம் என்றும் விற்று வந்திருக்கிறார்கள் என்பதும் நமது குற்றச்சாட்டு.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம்.

தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாக வகுத்து அவற்றில் இரண்டைப் பனிக்கு ஒதுக்கியது. முன்பனி, பின்பனி. பழைய செய்யுட்களில் கண்ணீரும் பனி, குளிரும் பனி, நடுக்கமும் பனி. மார்கழி விடியலில் பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளத் தோகைகளிலிருந்து சொட்டுவதும் பனி. வண்டியோட்டியின் கண்ணை மறைத்துத் தேசிய நெடுஞ்சாலையில் ஆளைக் கொல்வதும் பனி. இவை ஒரு வெப்ப நாட்டு மொழிக்குப் போதுமானவை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. சிக்கல், இதே சொல்லைத் தூக்கிக்கொண்டு நாம் இமயத்துக்குப் போகும்போது தொடங்குகிறது.

ஓர் எளிய சோதனை. ஒரு மலைச்சரிவில் நடப்பதைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம்: பனியின் மீது பனி படிந்தது, அதன்மேல் பனி பெய்தது, ஒருவர் அதைக் கடந்தார், பனி சரிந்தது. இவ்வாக்கியத்தில் பனி நான்கு முறை வருகிறது, நான்கு முறையும் வேறு வேறு பொருளில். முதலாவது, சில வாரங்களாகத் தரையில் கிடந்து இறுகிய வெண்பனி. இரண்டாவது, மேகமில்லாத, காற்றில்லாத ஓர் இரவில் காற்றின் ஈரம் அந்த வெண்பனியின் குளிர்ந்த மேற்பரப்பில் நேரடியாகப் படிகமாகி, சிறு இறகுகள் நட்டுவைத்ததுபோல் நிற்கும் உறைபனி. மூன்றாவது, வானிலிருந்து புதிதாக விழுவது. நான்காவது, மேலே விழுந்தது ஒட்டுமொத்தமாக இறுகி ஒரே பாளமாகி, கீழேயுள்ள இறகுகள் நொறுங்கிய கணத்தில் வழுக்கி ஓடுவது. கொலையாளி இரண்டாவது பனி. பார்க்க மிக அழகானதும் அதுதான். பயணக் கட்டுரையாளர் நின்று ரசித்து எழுதுவார். இரண்டு நாள் கழித்து அது மேற்பனிக்கடியில் புதைந்து, வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அந்தப் பக்கத்தை வாசிக்க நம்மிடம் தனிச்சொல் இல்லை. ஆகவே கட்டுரையிலும் அது இல்லை.

சொல் இல்லை என்பதும் அரை உண்மைதான். நீலகிரிக்காரர்களிடம் இருக்கிறது. நவம்பரில் விழுவதை நீர்ப்பனி என்றும், அதன்பின் தலைக்குந்தாப் புல்வெளியை வெளுக்கச் செய்வதை உறைபனி என்றும் அவர்கள் பிரித்தே சொல்கிறார்கள். உதகைச் செய்தியாளர்கள் ஆண்டுதோறும் அப்படியே எழுதவும் செய்கிறார்கள். தேயிலை கருகுமா கருகாதா என்பது அந்த வேறுபாட்டில் இருக்கிறது. பிழைப்பு சார்ந்திருக்கும் இடத்தில் மொழி தானாகக் கூர்மையடைகிறது. அதே நீலகிரியில் அவலாஞ்சி என்றோர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பெரிய நிலச்சரிவால் வந்த ஆங்கிலப் பெயர் அது. சரிவு என்பதே ஊரின் பெயர். 2019 ஆகஸ்ட் 8ஆம் நாளோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் அங்கே 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நம்மில் பெரும்பாலோர்க்கு அது இன்னமும் ஏரியும் படகும் உள்ள சுற்றுலாத் தலம்.

இமயத்துக்குத் திரும்புவோம். பனிச்சரிவு அபாயத்தை மதிப்பிடுகிற கலை உலகில் மிகக் கூர்மையாக வளர்ந்தது, பனிச்சறுக்குப் பலகைகளோடு காட்டுச் சரிவுகளில் ஏறி இறங்குகிறவர்களிடையே. பராமரிக்கப்பட்ட சறுக்குத் தடங்களைச் சொல்லவில்லை. பலகையின் அடியில் மயிர்த்தோல் போன்ற பட்டையை ஒட்டிக்கொண்டு தாமே மேலேறி, எவரும் சோதித்துத் தராத சரிவில் இறங்குகிறவர்களைச் சொல்கிறோம். இந்தியாவில் இதற்குப் பெயர்போன இடம் காஷ்மீரின் குல்மர்க். அங்குள்ள தொங்குவண்டியின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் ஏறத்தாழ 3950 மீட்டர் வரை ஏற்றிவிடுகிறது. இறங்கி நின்றால் இருபுறமும் திறந்த சரிவுகள். 2023 பிப்ரவரி 1ஆம் நாள் அங்கே ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். அனுபவமில்லாதவர்கள்தான் சாவார்கள் என்று நினைப்பது நமக்கு ஆறுதல் தரலாம். 2010 பிப்ரவரியில் அதே குல்மர்க் பகுதியின் கிலன்மர்கில் பனிக்கடியில் மாண்டவர்கள், உயர்மலைப் போர்முறைப் பள்ளியில் பயிற்சியிலிருந்த இராணுவ வீரர்கள்.

அவர்கள் எதை வாசிக்கிறார்கள்? சரிவின் கோணத்தை. முப்பது பாகைக்கும் நாற்பத்தைந்து பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளில்தான் பெரும்பாலான பாளச் சரிவுகள் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி தேங்காமல் சிறுகச் சிறுக உதிர்ந்துவிடும். இருபத்தைந்துக்குக் கீழே பாளம் நகர்வது அரிது. கண்ணுக்கு இனிய, சறுக்குவதற்கு உகந்த, படமெடுக்கத் தோன்றும் சரிவு எதுவோ அதுவே சரியக்கூடிய சரிவு. பிறகு காற்றை வாசிக்கிறார்கள். வானிலிருந்து ஒரு சாண் பனிதான் விழுந்திருக்கும்; காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்திருக்கும். அந்த மறைவுப் பக்கமே பாரம் ஏறிய பக்கம். பிறகு ஒலியை. கால் வைத்ததும் சுற்றிலுமுள்ள பனிப்பரப்பு ‘தொம்’ என்று அமுங்கினால், அடியில் ஓர் அடுக்கு நொறுங்கிவிட்டது என்று பொருள். காலடியிலிருந்து விரிசல் ஓடினாலும் அப்படியே. அதற்குப் பிறகு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை, திரும்பிவிட வேண்டியதுதான்.

இன்னும் ஐயமிருந்தால் குழி தோண்டுகிறார்கள்.

இந்தக் குழி நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமாக இருக்கக் கூடாது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் வாழ்கிறவர்கள் அடுக்குகளின் மேல் வாழ்கிறவர்கள். காரை கிராமத்து வெடிநிலங்களில் இறங்கி நடந்தால், மழை அரித்த ஓடைகளின் சுவர்களில் ஒரு பழைய கடலின் படிவுகள் வரிசையாக நிற்கின்றன. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே அவற்றின் தொகுதிகளுக்கு இட்டிருக்கிறார்கள். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகக் கிடக்கும் மரத்தை 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் வாசித்துச் சொல்லும்வரை அது ஊராருக்கு வெறும் பாறை. பனிக்குழியில் நடப்பதும் இதே வேலை. கோடி ஆண்டுகளுக்குப் பதில் ஒரு குளிர்காலம், கடலுக்குப் பதில் வானம். ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. இடையே வெயிலில் உருகி மறுபடி உறைந்த நாளின் பொருக்கு. தரையை ஒட்டிய இடத்தில், கடுங்குளிரில் கீழிருந்து மேலேறும் நீராவியால் படிகம் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் கையில் உதிரும் அடுக்கு. ஆங்கிலத்தில் அதைச் சர்க்கரைக்கு ஒப்பிடுவார்கள். நமக்கு அதைவிட நல்ல சொல் இருக்கிறது: நொய். அரிசி நொறுங்கினால் நொய், வலுவில்லாததும் நொய்யது. நொய்யடுக்கு என்று சொல்லிவிட்டால் அதன் உருவமும் குணமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. பொருக்கு, பாளம், நொய், அடுக்கு. நான்குமே சமையற்கட்டிலும் வயற்காட்டிலும் புழங்குபவை. கலைச்சொல்லாக்கக் குழு ஒன்றுகூடி வடமொழி வேரா தமிழ் வேரா என்று மூன்று அமர்வு விவாதிக்க இதில் எதுவுமில்லை.

குழியின் சுவரில் முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள தூண் ஒன்றை வெட்டித் தனிப்படுத்துகிறார்கள். அதன் தலைமேல் மண்வாரியின் தட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, பிறகு தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில், எவ்வளவு வழவழப்பாகத் தூண் துண்டாகிறது என்று குறிக்கிறார்கள். மணிக்கட்டுத் தட்டிலேயே ஓர் அடுக்கு இழுப்பறைபோல் வெளியே வந்து விழுந்தால் மேலே போகலாகாது. முப்பது தட்டுக்கும் அசையாமல் நின்றாலும், அது அந்த ஓரிடத்தைப் பற்றிய சாட்சியம் மட்டுமே. ஐம்பது அடி தள்ளிக் கதை மாறலாம். நல்ல வாசகன் ஒரு பாட்டை வைத்துப் புலவனின் முழு உலகையும் தீர்ப்பிடாததுபோல, நல்ல பனிவாசகனும் ஒரு குழியை வைத்து மலைக்கு நற்சான்று கொடுப்பதில்லை.

இவ்வளவும் ஓர் அரசு நிறுவனத்தின் அன்றாட வேலையாக இந்தியாவிலும் நடந்து வந்திருக்கிறது. 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் அது வேறொரு நிலப்பரப்பு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு இப்போதைய சண்டிகர் நிறுவனமாயிற்று. ஈரமும் கனமும் மிக்க பனி விழும் பீர் பஞ்சால், வறண்ட கடுங்குளிரில் நொய்யடுக்குகள் மிகும் காரகோரம், இரண்டுக்கும் இடைப்பட்ட பெருஇமயம் என்று மேற்கு இமயத்தை மூன்று பனிமண்டலங்களாக அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பயண எழுத்தில் இம்மூன்றுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று தேடினால், தேநீரின் சுவையும் சாதுக்களின் எண்ணிக்கையும் மாறுவதைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

சற்றுக் கடுமையாகத்தான் சொல்லுகிறோம். ஆனால் அந்த எழுத்துகளின் அச்சு ஏறக்குறைய ஒன்றே. எழுத்தாளர் போகிறார். மலை வெண்மையாயிருக்கிறது. வெண்மை மௌனமாயிருக்கிறது. மௌனத்தில் அகந்தை கரைகிறது. வழிகாட்டியாக வந்த உள்ளூர்க்காரர் படிப்பறியாத ஞானியாக இரண்டு வரி பேசிவிட்டு மறைகிறார். அந்த வழிகாட்டி காலையில் ஏன் ஒன்றரை மணி நேரம் தாமதித்தார், ஏன் நேர்ப்பாதையை விட்டு முகடு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனார், ஏன் ஓரிடத்தில் ஒவ்வொருவராகக் கடக்கச் சொன்னார் என்று கட்டுரையாளர் கேட்பதில்லை. ஒவ்வொருவராகக் கடப்பது, ஒருவர் புதைந்தால் தோண்டுவதற்கு மற்றவர்கள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அந்த ஏற்பாட்டில் இருக்கும் நாடகம், கரையும் அகந்தையில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. அது பக்கத்துக்கு வராமலே போகிறது. சேரன் இமயவரம்பன் ஆனதையும், சோழன் இமயத்தில் புலி பொறித்த கதையையும், கங்கை நீரைச் சுமக்கவைத்து இதே அரியலூர்ச் சீமையில் இராசேந்திரன் ஒரு தலைநகரம் கண்டதையும் மேடைதோறும் முழங்குகிற மரபு நம்முடையது. மலையைக் குறிப்பெடுத்துக்கொள்ளாமல் முத்திரை குத்திவிட்டுத் திரும்புகிற பழக்கம் அந்த மேடைப்பேச்சிலிருந்து பயணக் கட்டுரைக்குள் வந்துவிட்டதோ என்று ஐயப்படுகிறோம்.

சரி, பணக்கார வெளிநாட்டவர் விளையாடுகிற விளையாட்டுக்குத் தமிழில் கலைச்சொல் இல்லாவிட்டால் என்ன மோசம் என்று கேட்கலாம். துறை சார்ந்த நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். பதில் சியாச்சினில் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3ஆம் நாள், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலை மீது பெரும் பனிக்கட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. புதைந்த பத்துப் பேரும் சென்னை ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவினர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள். ஆறாம் நாள் உயிரோடு தோண்டியெடுக்கப்பட்ட கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். 1984 முதல் அந்தப் பனியாற்றில் எதிரியின் குண்டைவிட மலையும் குளிரும் கொன்றவர்களே அதிகம். எல்லைக்கு அப்பாலும் அதே கதை: 2012 ஏப்ரலில் கயாரியில் பாகிஸ்தான் முகாமொன்று மொத்தமாகப் புதைந்து 140 பேர் மாண்டனர்.

சறுக்குபவனுக்கும் சிப்பாய்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மறைக்கக் கூடாது. முன்னவன் திரும்பிப் போகலாம். பின்னவன் நிறுத்தப்பட்ட இடத்தில் நிற்க வேண்டும். சோனத்தில் விழுந்தது பனிக்கட்டிச் சுவர். குழி தோண்டித் தட்டிப்பார்த்துக் கண்டுபிடிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. அதையும் நாம் பனிச்சரிவு என்றே எழுதினோம், கிலன்மர்கையும் அப்படியே, மாணாவையும் அப்படியே. வேறு வேறு சாவுகளை ஒரே பெயரில் எழுதும்போது, எது தவிர்த்திருக்கக்கூடியது என்ற கேள்வி எழுவதற்கே இடமில்லாமல் போய்விடுகிறது. வீரமரணம் என்று முடித்து, படத்துக்கு மாலையிட்டு, கவியரங்கம் நடத்துகிறோம். கிராமத்தில் இருக்கும் தாய்க்குத் தன் மகன் எந்த வகைப் பனியில், யாருடைய எந்த முடிவால் புதைந்தான் என்று கேட்கும் உரிமை உண்டு. கேட்பதற்கான சொற்களை அவளுக்குத் தராத மொழி அவளுக்கு இரங்கற்பா பாடுவதில் என்ன பொருள்?

இன்னொரு சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனெனில் அது மொழிபெயர்ப்பாளர்களின் பாடு. ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக அறிவிக்கிறார்கள். ஐந்தாம் படியில் எவரும் வெளியே போவதில்லை. நான்காம் படியிலும் பலர் வீட்டிலிருப்பார்கள். மிகுதியாகச் சாவு நிகழ்வது நடுவிலுள்ள மூன்றாம் படியில். நடு என்றதும் மனம் ‘மிதம்’ என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. தமிழிலும் இந்தியிலும் எச்சரிக்கைகள் ‘நடுத்தர அபாயம்’, ‘மிதமான அபாயம்’ என்றே வருகின்றன. மிதமான மழை, மிதமான சூடு, மிதமான காரம். பயப்பட ஒன்றுமில்லை என்று காது கேட்டுக்கொள்கிறது. மூன்றாம் படி உண்மையில் சொல்வது, தானாகச் சரியாவிட்டாலும் ஓர் ஆளின் பாரத்துக்குச் சரிய வாய்ப்பு அதிகம் என்பது. அதைத் தமிழில் ‘மிதித்தால் சரியும்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். இலக்கணச் சுத்தமான பெயர்ச்சொல்லாக இல்லையே என்று வருந்துகிறவர்கள் வருந்திக்கொள்ளட்டும். உயிரிழப்புக்குக் காரணமான பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை, இறந்தவரோ அவரோடு போனவர்களோதான் தூண்டியிருக்கிறார்கள் என்பது அத்துறையில் பலமுறை உறுதிப்பட்ட செய்தி. இயற்கை சீறவில்லை. ஆள் மிதித்திருக்கிறார்.

ஏன் மிதிக்கிறார் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. இயன் மக்கேமன் என்ற அமெரிக்கர் 2004இல் 715 விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்டார். பழகிய இடம் என்ற துணிச்சல், குறித்த இலக்கை அடைந்தே தீருவது என்ற பிடிவாதம், கூட்டத்தில் ஒருவரை வல்லுநர் என்று நம்பி வாய்மூடியிருத்தல், முன்னால் போனவர் தடம் தெரிகிறதே என்ற தைரியம். எச்சரிக்கைக் குறிகள் தெளிவாகத் தெரிந்தும் இவற்றால் மக்கள் உள்ளே போயிருக்கிறார்கள். மலையைப் பற்றிய ஆய்வு என்று இதைப் படிக்கத் தொடங்கி, பாதியில் நம் துறைக் கூட்டங்களைப் பற்றியதோ என்று நமக்குத் தோன்றியது. சிறுகதைக்கும் நாவலுக்கும் இதைவிட வளமான மனப்பொருள் எங்கே கிடைக்கும்? மௌனம் பேசியது என்று எழுதுவதைக் காட்டிலும், பேச வேண்டிய ஒருவர் மௌனமாக இருந்தார் என்று எழுதுவது எவ்வளவு பெரிய கதை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றக்காரர்களைச் சூழ்ந்தபோதும் தீயின் கொடுமை பற்றியே நிறைய எழுதினோம். 23 பேர் இறந்த அந்நிகழ்வில், காய்ந்த புல், சரிவில் மேல்நோக்கித் தீ விரையும் வேகம், பருவம், அனுமதித்த பாதை எது போன பாதை எது என்பதெல்லாம் விசாரணைக்குரியவையாயின, இலக்கியத்துக்குரியவையாக ஆகவில்லை.

இன்று நம் மாவட்டங்களின் கல்லூரிப் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறைக்கு உத்தராகண்டுக்கும் இமாசலத்துக்கும் குழுவாகப் போகிறார்கள். தொடர்வண்டிச் சீட்டும் வாடகைக் கம்பளிச் சட்டையும் ஏற்பாடாகிவிடுகின்றன. புறப்படும் முன் தமிழில் ஏதாவது படித்துவிட்டுப் போகலாம் என்று நம்மிடம் வந்து கேட்கிறவர்களும் உண்டு. தமிழிலக்கியம் படிக்கும் பிள்ளைகளே அப்படிக் கேட்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க அலமாரியில் இருப்பவை கைலாயமும் கேதாரமும் பற்றிய புத்தகங்கள். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், அரைமணி கடந்தால் மூன்றில் ஒருவர்தான் என்பதும், ஆகவே காப்பாற்ற வேண்டியவர் ஹெலிகாப்டரில் வரமாட்டார், பக்கத்தில் நடப்பவர்தான் என்பதும், அவர் கையில் சமிக்ஞைக் கருவியும் நீண்ட துழாவுகோலும் மண்வாரியும் இருக்க வேண்டும் என்பதும் அப்புத்தகங்களில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இமயப் பயணத் தொடர்கள் எழுதும் அன்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தொடரில் வெண்மையின் மௌனம் வரட்டும், தடுக்கவில்லை. கூடவே அந்தச் சரிவு எத்தனை பாகை, முந்தைய இரண்டு நாளில் எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, வழிகாட்டி எந்த இடத்தில் நின்று யோசித்தார் என்று நான்கு வரி எழுதுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள்.